வாரத்தில் ஒருநாள் மட்டும்: வன்னிப் பாமசி ஒன்றில் பயிலுநர் நிறுத்திவைத்த மருந்துத் துண்டு

பாமசி உதவியாளராக வரப் பயிற்சி பெறும் இளம்பெண் ஒருவர், கிளிநொச்சி மாவட்டத்தில் ஏ9 வீதியோரம் உள்ள தனியார் மருந்துக்கடை ஒன்றில், எழுபது வயது தாண்டிய ஆச்சி ஒருவருக்கு மூட்டுவாதத்துக்கான மெதோட்ரெக்சேற் குளிசையை எண்ணிவிட்டுக் கொடுக்காமல் நிறுத்தினார். வாரத்தில் ஒருநாள் குடிக்கவேண்டியதை ஆச்சி தினமும் குடித்திருந்தார். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். அந்தக் கடையின் பதிவுபெற்ற மருந்தாளர் என்ற முறையில் நான் இதை எழுதுகிறேன். ஆச்சியின் மகளும் பயிலுநரும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருந்தைத் தவறான முறையில் குடித்த கதைகள் எல்லா மருந்தாளரிடமும் உண்டு. இதை எழுதக் காரணம், பிழையைக் கண்டுபிடித்தவர் பயிற்சி முடிக்காத ஒருவர் என்பதும், பாடத்தில் மனனம் செய்த எதையும் வைத்து அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் கேட்கப் பழகியிருந்தார். பாமசிப் பயிற்சியில் நடு நாயகமாக இருக்கவேண்டியது இந்தக் கேட்கும் பழக்கமே என்று நான் நம்புகிறேன். நம்முடைய பயிற்சிகளில் அதற்குக் கிடைக்கும் இடமோ மிகக் குறைவு.

பயிலுநரும் கடையும்

பயிலுநரின் ஊர் மல்லாவிக்கு உள்ளே. மாங்குளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏ9 வழியாக இன்னொரு பஸ். பெற்றோர் வயல் செய்கிறார்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர், பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்த சின்னப் பிள்ளைகளில் ஒருவர். ஆங்கிலம் வாசிப்பார், பேசத் தயங்குவார். இங்கே பாமசிப் பயிற்சிக்கு வருகிற பெரும்பாலானோரின் வழி ஏறத்தாழ இதுதான்.

வன்னியில் ஒரு மருந்துக்கடைக்கு வருகிறவர்களின் மருந்து ஓரிடத்திலிருந்து வருவதில்லை. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதக் கிளினிக்கில் குளிசை. கிளினிக்கில் இல்லாததற்கு வெளியே வாங்கச் சொல்லி ஒரு துண்டு. யாழ்ப்பாணத்தில் தனியாகக் காட்டிய நிபுணர் எழுதியது இன்னொன்று. இடுப்பு நோவுக்குச் சந்திக்கடையில் வாங்கியது வேறொன்று. இவை எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் வரும். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாமே அதற்குள்தான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த பழக்கம், முக்கியமானது எதுவும் கையைவிட்டுப் போகக்கூடாது. பாமசிக்காரருக்கு அந்தப் பை ஒரு பொக்கிஷம். ஒருவர் உண்மையில் என்ன குடிக்கிறார் என்பது கொப்பியில் இருப்பதைவிட அந்தப் பைக்குள் தெளிவாக இருக்கும். அதனால் எங்கள் கடைக்கு வரும் பயிலுநருக்கு நான் முதலில் பழக்குவது, நீண்டகால வருத்தக்காரர் யார் வந்தாலும், "பைக்குள்ள இருக்கிற மருந்தை எல்லாம் ஒருக்கா மேசையில வையுங்கோ" என்று கேட்பது.

மருந்து

மெதோட்ரெக்சேற் சில புற்றுநோய்களுக்குப் பெரிய அளவிலும், ருமற்றோயிட் மூட்டுவாதத்துக்குச் சிறிய அளவிலும் கொடுக்கப்படும். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். கல வளர்ச்சிக்குத் தேவையான போலேற் என்ற விற்றமினின் வேலையை இது தடுக்கிறது. அதனால்தான் இடையில் வேறொரு நாளில் அந்த விற்றமினைத் தரும் போலிக் அசிட் குளிசையும் எழுதுவார்கள். இதையே தினமும் குடித்தால், வேகமாகப் புதுப்பிக்கப்படும் கலங்கள் முதலில் அடிவாங்கும்: வாயின் உட்தோல், குடல், எலும்பு மச்சை. வாய்ப்புண் வரும், வெண்குருதிக் கலங்கள் குறையும், அதன்பின் ஒரு சாதாரணக் காய்ச்சலும் உயிரைக் கொண்டுபோகலாம். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்தவர்களில் ஆபத்து இன்னும் கூடும். வவுனியாப் பக்கத்திலும் அதை ஒட்டிய வடமத்திய மாகாணத்திலும் காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருப்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஆக, வன்னி மேசையில் நின்று இந்தக் குளிசையை எண்ணுகிறவருக்குக் கவலைப்படக் கூடுதலான காரணம் இருக்கிறது.

வாரமருந்தை நாள்மருந்தாகக் குடிக்கும் இந்தப் பிழை உலகம் முழுக்க நடப்பது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் வரும் தவிர்க்கக்கூடிய பெருந்தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாக்க வேண்டும் என்று ஒரு முயற்சியைத் தொடங்கியது. அந்தப் பேச்சு கொழும்பு மாநாடுகளில் நின்றுவிடாமல் எங்கள் ஊர்க் கடைகளின் மேசைவரை வரவேண்டும்.

அன்று நடந்தது

மதியம் கழிந்து கூட்டம் குறைந்த நேரம். ஆச்சி தனியாக வந்தார். கைவிரல் மொளிகள் வீங்கியிருந்தன. துண்டை நீட்டினார். யாழ்ப்பாணத்தில் ஒரு நிபுணர் எழுதியது: மெதோட்ரெக்சேற் 10 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, போலிக் அசிட் 5 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, நான்கு வாரத்துக்கு. பயிலுநர் துண்டைச் சரியாகவே வாசித்தார். எங்களிடம் இருந்தது 2.5 மில்லிகிராம் குளிசை. ஒரு தடவைக்கு நான்கு, நான்கு வாரத்துக்குப் பதினாறு. தட்டில் கொட்டி, கத்தியால் நந்நான்காகத் தள்ளி எண்ணினார். ஐந்தைந்தாக எண்ணுவதுதான் எங்கள் வழக்கம். ஒரு தடவைக்கு உரியது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதால் இதை மட்டும் அவர் அப்படிப் பிரித்திருந்தார். தட்டில் நான்கு சிறு குவியல்கள்.

ஆச்சி எட்டிப் பார்த்தார். "பிள்ளை, இது நாலு நாளைக்குத்தான் காணும். போனமுறையும் இப்பிடித்தான் கெதியா முடிஞ்சது. கொஞ்சம் கூடத் தாவன்."

பயிலுநரின் கை நின்றது. துண்டைத் திருப்பிப் பார்த்தார். திகதி பத்து நாளைக்கு முந்தியது. மூலையில் வேறொரு கடையின் முத்திரை. அதாவது ஒரு மாதத்து மருந்து ஏற்கனவே கொடுபட்டுவிட்டது.

இந்த இடத்தில் பலர் செய்வது என்னவென்று எனக்குத் தெரியும். "இதுக்கு ஏற்கனவே மருந்து எடுத்திட்டீங்கள், மாதம் முடிய வாங்கோ" என்று துண்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆச்சி அடுத்த கடைக்குப் போயிருப்பார். பயிலுநர் திருப்பிக் கொடுக்கவில்லை, கேட்டார்.

"ஆச்சி, இந்தக் குளிசையை எந்தெந்த நாள் குடிச்சனீங்கள்?"

"நாளென்ன நாள், ஒவ்வொரு நாளும் விடிய நாலு. உறையில அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு."

பையை வைக்கச் சொன்னார். பழைய உறை அதற்குள் இருந்தது, வெறுமையாக. காலை என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே "4" என்று மட்டும் பேனையால் எழுதப்பட்டிருந்தது. நாளின் பெயர் இல்லை. பையில் இன்னும் இரண்டு வெளிவந்தன: கிளினிக்கில் கொடுத்த பிறஷர்க் குளிசை, பாதி முடிந்த டைக்ளோபினாக் என்ற நோக்குளிசை அட்டை ஒன்று. இதற்கிடையில் ஆச்சி இன்னொன்றும் கேட்டார்: "வாயெல்லாம் அவிஞ்சு போச்சு பிள்ளை, உறைப்புத் தொட ஏலாது. அதுக்கும் பூசுறதுக்கு ஏதாவது தா."

வாய்ப்புண் களிம்பு எங்கள் அலுமாரியில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. துண்டில்லாமல் விற்கக்கூடியது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் ஆச்சிக்கு அன்று சந்தோஷம். பயிலுநர் எடுக்கவில்லை. "ஆச்சி, கொஞ்சம் இந்தக் கதிரையில இருங்கோ, மிஸ்ஸோட கதைச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, துண்டு, உறை, டைக்ளோபினாக் அட்டை மூன்றையும் கொண்டு உள்ளே வந்து என் முன்னால் வைத்தார். அவர் சொன்னது சுருக்கமானது: வாரமருந்தை நான்கு நாள் தொடர்ந்து குடித்திருக்கிறார், வாய்ப்புண் இருக்கிறது, நோக்குளிசையும் எடுக்கிறார்.

நான் வெளியே வந்து ஆச்சியின் வாயைப் பார்த்தேன். உதட்டின் உட்பக்கத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெண்ணிறப் புண்கள். காய்ச்சல் இருந்ததா என்று கேட்டேன், நேற்றிரவு மேல் கொஞ்சம் சுட்டது என்றார். துண்டில் இருந்த இலக்கத்துக்கு எடுத்து நிபுணருடன் பேசினேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். மகளுக்குச் சொல்லி, ஓட்டோ பிடித்து, என்ன மருந்து, எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். இரத்தப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்தன, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மெதோட்ரெக்சேற்றின் நஞ்சைத் தணிக்கும் போலினிக் அசிட் கொடுத்தார்கள், கிருமித் தொற்றுக்கும் மருந்து கொடுத்தார்கள். சில நாட்களில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

எழுதப்பட்டபடி குடித்திருந்தால் அந்தப் பத்து நாட்களில் அவர் உடம்பில் சேர்ந்திருக்கவேண்டியது அதிகபட்சம் 20 மில்லிகிராம். நான்கு நாளில் சேர்ந்தது 40. எங்கள் கடையிலும் பதினாறு குளிசை வாங்கி இன்னும் நான்கு நாள் குடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

எங்கே பிழை நடந்தது

எழுதிய நிபுணர் சரியாக எழுதியிருந்தார். குளிசையின் எண்ணிக்கையும் சரி. உறையில்தான் எல்லாம் தவறிப்போனது. ஆனால் உறையில் எழுதியவரைக் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த உறையே நாள்மருந்துக்காகச் செய்யப்பட்டது. காலை, பகல், இரவு. சாப்பாட்டுக்கு முன், பின். இதைத் தவிர வேறு இடம் அதில் இல்லை. வாரமருந்தை அந்தக் கட்டங்களுக்குள் எழுதுகிறவர் அவசரத்தில் "4" போடுவார், "வாரம்" என்பது வாய்ச்சொல்லாகப் போகும். அந்த வாய்ச்சொல் சொல்லப்பட்டதா, சொல்லப்பட்டும் கூட்டச் சத்தத்தில் ஆச்சிக்குக் கேட்காமல் போனதா என்பது இனித் தெரியப்போவதில்லை. உறை மட்டும் வீட்டுக்குப் போனது, அதை நம்பி ஆச்சி ஒழுங்காகக் குடித்தார். அவர் ஒழுங்காகக் குடிக்கிற ஆள் என்பதுதான் ஆபத்தைக் கூட்டியது.

டைக்ளோபினாக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மூட்டுவாதக்காரர்களுக்கு வைத்தியர்கள் பார்த்துப் பார்த்து நோக்குளிசையும் மெதோட்ரெக்சேற்றும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. யாரும் பார்க்காமல், தளர்ந்த சிறுநீரகத்தோடு, கடையில் தானாக வாங்கிக் குடிப்பது வேறு விஷயம். அது சிறுநீரகத்தை இன்னும் அழுத்தி, மெதோட்ரெக்சேற் வெளியேறுவதைத் தாமதமாக்கும். பையை வைக்கச் சொல்லியிராவிட்டால் இது ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருக்காது.

பயிற்சியில் இருந்ததும் இல்லாததும்

இலங்கையில் மருந்துக்கடை நடத்துவதற்கான அனுமதியை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கொடுக்கிறது. கடையில் பதிவுபெற்ற மருந்தாளர் இருக்கவேண்டும். உதவியாளரும் பயிலுநரும் அவருடைய கண்காணிப்பில் வேலை செய்பவர்கள். இது எல்லோருக்கும் தெரிந்தது. கண்காணிப்பு என்றால் என்ன என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். மருந்தாளர் உள்ளே கணக்குப் பார்க்க, பயிலுநர் எண்ணிக் கட்டிக் கொடுப்பதும் கண்காணிப்பு என்றே போகிறது.

வகுப்பில் அவர்கள் படித்துவருவது பயனுள்ளதுதான். துண்டில் வரும் இலத்தீன் சுருக்கங்கள், கம்பனிப் பெயர் அல்லாத மருந்தின் பொதுப் பெயர், நிறை பார்த்து அளவு போடுகிற கணக்கு. 12 கிலோ பிள்ளைக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180. பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 இருந்தால் 7.5 மில்லிலீற்றர். இந்தக் கணக்கை எங்கள் பயிலுநர் தூக்கத்திலும் செய்வார். பொதுப் பெயர்ப் பாடத்துக்கு நம் நாட்டில் தனி மரியாதை உண்டு, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் அதன் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலேயும் விட்டுப்போன வழி அது. காபமசெபினும் காபிமசோலும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதும் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஒன்று வலிப்புக்கு, மற்றது தைரொயிட்டுக்கு. மாறினால் இரண்டு பேருக்கும் கேடு.

வகுப்பில் வராதது, ஆட்களோடு கதைப்பது. அதைவிட முக்கியமாக, கேட்டபின் வந்த பதிலை வைத்து வேலையை நிறுத்துவது. எங்களிடம் வந்த புதிதில் இவரே என்னிடம் கேட்டிருக்கிறார், "டொக்டர் எழுதினதை நான் எப்பிடி மிஸ் நிப்பாட்டுறது?" என்று. நம் ஊரில் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வளர்ந்தவர்கள் மூச்சு விடவே யோசிப்பார்கள், இருபது சொச்சம் வயதுப் பெண்பிள்ளை என்ன செய்வாள். அதனால் நான் ஒரு சலுகையை வாய்ச்சொல்லாக இல்லாமல் கடைவிதியாகவே வைத்தேன்: பயிலுநருக்கு ஒரு சந்தேகம் வந்தால் மருந்து மேசையைத் தாண்டக்கூடாது, வாடிக்கையாளர் கோபித்தாலும் சரி, சந்தேகம் வெறும் சந்தேகமாக முடிந்தாலும் சரி, அவரை யாரும் ஏசமாட்டார்கள். முதல் மாதங்களில் அவர் நிறுத்தியவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு ஐயா சத்தம்போட்டுவிட்டுப் போனார். அதெல்லாம் இந்தப் பழக்கத்துக்கான விலை, நான் மனதாரக் கொடுக்கிறேன்.

எண்ணுவதற்கு முன் கேட்கவேண்டியதாக நான் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். பெயரும் துண்டின் திகதியும் பார்க்கவேண்டும். என்ன வருத்தத்துக்கு என்று அவர் வாயாலேயே சொல்லவிட வேண்டும். ஏற்கனவே குடிக்கிற மருந்தென்றால் எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும், "ஒழுங்காக் குடிக்கிறீங்களோ" என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அன்று ஆச்சியிடம் "எந்தெந்த நாள்" என்று கேட்டது இந்தப் பழக்கத்தில் வந்தது. "வாரத்துக்கு ஒருக்காத்தானே குடிக்கிறீங்கள்" என்று கேட்டிருந்தால், பெரிய இடத்துப் பிள்ளை ஏதோ சொல்லுது என்று ஆச்சி தலையாட்டியிருப்பார்.

இந்தக் கேள்விகளின் அவசியம் 2022இல் எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. மருந்துத் தட்டுப்பாட்டில் ஒரே மருந்து மாதத்துக்கு மாதம் வேறு வேறு கம்பனியாக வந்தது, நிறமும் பருமனும் மாறியது. "அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை" என்று நிறத்தை வைத்தே மருந்தை அறிந்திருந்தவர்கள் குழம்பிப்போனார்கள். பழையதையும் புதியதையும் வேறு வேறு மருந்தென்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களும் உண்டு. அதே காலத்து மின்வெட்டில் இன்சுலினை எங்கே வைப்பது என்று வந்து நின்றவர்களுக்கு, ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் போத்தலைப் பொலித்தீனால் சுற்றி நிழலில் வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் பயிலுநர்கள்தான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவருக்கே அதைச் சொல்லவும் தோன்றும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அன்று பயிலுநர் செய்யாதவையும் அவர் செய்தவை அளவுக்கு முக்கியம். "உங்களுக்கு மருந்து நஞ்சாகிவிட்டது" என்று ஆச்சியிடம் சொல்லவில்லை. போலிக் அசிட்டைக் கூடக் குடியுங்கோ என்று சொந்தமாக யோசனை சொல்லவில்லை. முந்தைய கடையைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. நோய் நிர்ணயம் அவருடைய வேலை இல்லை என்பதை அறிந்து, தனக்குத் தெரிந்த மூன்று உண்மைகளை உரிய ஆளிடம் விரைவாகச் சேர்த்தார். கேட்கப் பழக்கும்போது இந்த எல்லையையும் சேர்த்தே பழக்கவேண்டும். இல்லாவிட்டால் மேசைக்கு மேசை ஒரு டொக்டர் முளைத்துவிடுவார்.

பிறகு மாற்றியவை

மெதோட்ரெக்சேற்றை அலுமாரியில் தனிப் பெட்டிக்கு மாற்றினோம். அதை எண்ணியபின் இரண்டாவது ஆள் பார்க்காமல் வெளியே போகாது. உறையில் காலை, பகல், இரவு மூன்றையும் குறுக்கே வெட்டிவிட்டு, "திங்கட்கிழமை மட்டும்" என்பதுபோல் தமிழில் பெரிதாக எழுதுகிறோம். எந்த நாள் என்பதை நோயாளியே சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்குப்பின், இரத்தப் பரிசோதனையைப் பார்த்து நிபுணர் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கியபோது, ஆச்சி தேர்ந்தது திங்கள். வற்றாப்பளை அம்மனை நினைத்து விளக்கு வைக்கிற நாள், மறக்கமாட்டேன் என்றார். போலிக் அசிட் வியாழனுக்குப் போனது. மகளையும் பக்கத்தில் வைத்து, எந்த நாள், எத்தனை குளிசை என்று ஆச்சியையே திருப்பிச் சொல்லவைத்தார் பயிலுநர்.

பயிலுநர்களுக்கான ஒழுங்கிலும் ஒரு மாற்றம். முன்பு வந்தவுடன் எண்ணப் பழக்குவோம். இப்போது முதல் சில வாரங்கள் தட்டைத் தொடுவதில்லை. மேசையின் வெளிப்பக்கம் நின்று, வருகிறவர்களின் பையைப் பார்த்து, அவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதி, மாலையில் என்னோடு இருந்து பேசுவதுதான் வேலை. உழைப்பில்லாமல் நிற்கிறார்கள் என்று கடை முதலாளிக்குத் தோன்றுவது இயல்பு. எங்கள் முதலாளிக்கு ஆச்சியின் கதை தெரியும் என்பதால் ஒத்துக்கொண்டார். மற்றக் கடைகளில் இதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பது கடினமான கேள்வி. பயிற்சி நிலையங்கள் பயிலுநரைக் கடைக்கு அனுப்பும்போதே இந்த நேரத்தை நிபந்தனையாக எழுதி அனுப்பினால்தான் நடக்கும். செய்முறைப் பரீட்சையிலும், தட்டில் எண்ணுவதற்குப் பக்கத்தில், ஒரு ஆளை முன்னால் இருத்திக் கேள்வி கேட்கவைத்துப் புள்ளி போடவேண்டும். பரீட்சையில் வராத எதையும் நம் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

உறையைப் பற்றி உள்ளூர் அச்சகம் ஒன்றில் பேசினோம். நாள்மருந்து உறையின் அதே கடதாசி, அதே அளவு. மூன்று வேளைக்குப் பதில் ஏழு நாட்களின் பெயர், ஒன்றில் மட்டும் வட்டம் போட. நிறம் மஞ்சள். முதல் கட்டு வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் ஒவ்வொரு சிறு கட்டுக் கொடுத்திருக்கிறோம், ஆச்சியின் முதல் உறை எழுதப்பட்ட கடை உட்பட.